சமவெளியின் சுமைதாங்கிகள்



சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் பேருந்தில் செல்பவர்களில் பாதிப்பேர் தூங்கிக்கொண்டுதான் செல்கிறார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஏழாம் எண் நெடுஞ்சாலை என்று நாம் நெடுங்காலம் அறிந்திருந்து, இன்று 44 என்று எண் மாறிவிட்ட அந்தச் சாலை நான்கு வழிச் சாலையானபோது, இருமருங்கும் குடை பிடித்து நின்ற புளியமரங்கள் வெட்டுண்டு போயின. மரமில்லாத சாலையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? சுங்கச்சாவடி இருக்கிறது, மேம்பாலம் இருக்கிறது, கோழித்தீவனம் ஏற்றிய லாரிகள் இருக்கின்றன. ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். கண்ணயர்ந்து விழிப்பதற்குள் நாமக்கல் மலைக்கோட்டை எதிரே வந்து நின்றுவிடும்.

நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது அந்தப் பெருஞ்சாலைக்கு அன்று. அதிலிருந்து பிரியும் கிளைச்சாலைகளுக்கு. ஆட்டையாம்பட்டி, வெண்ணந்தூர், மல்லசமுத்திரம், இராசிபுரம், சேந்தமங்கலம் என்று ஊரையும் ஊரையும் கோத்துக்கொண்டு போகும் பழைய சாலைகளுக்கு. அவற்றில் வாகனத்தை விட்டு இறங்கி நடக்க வேண்டும்.

இப்பகுதியைச் சமவெளி என்று பூகோள நூல்கள் சொல்கின்றன. முற்றிலும் சமவெளி என்று சொல்லிவிட முடியாது. வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கொல்லிமலை, இரண்டுக்கும் இடையில் ஜருகுமலை, போதமலை, மேற்கே திரும்பினால் கஞ்சமலை, சங்ககிரி, திருச்செங்கோடு. ஒரு கை நிறையக் கற்களை அள்ளி வீசியதைப் போல் குன்றுகள் சிதறிக் கிடக்க, நடுவே செம்மண் நிலம் விரிந்து செல்கிறது. 1997ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது என்றாலும், மண்ணுக்கு அந்தக் கோடு தெரியாது. ஏற்காட்டு மலைச்சரிவில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் புகுந்து, நகரத்தார் கொட்டும் கழிவையும் சாயத்தையும் சுமந்துகொண்டு, நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து காவிரியில் சேர்கிறது. பெயரில் முத்து இருக்கும் ஓர் ஆறு இப்படி ஆகியிருக்க வேண்டாம்.

இங்கே ‘காடு’ என்றால் வனம் அன்று. வானம் பார்த்த புன்செய் நிலத்துக்குத்தான் அந்தப் பெயர். குச்சிக்கிழங்குக் காடு, கடலைக் காடு, சோளக் காடு. காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி. வேலிக்கு வெளியே ஆவாரையும் எருக்கும். எட்டத்தில் ஒற்றைப் பனை. கோடையில் இந்த நிலம் பார்ப்பவரைப் பயமுறுத்தும். ஐப்பசி மழைக்குப் பின்னர் வந்து பாருங்கள். அதே நிலமா என்று ஐயுறுவீர்கள்.

அந்தக் கிளைச்சாலைகளின் ஓரத்தில், வழிகள் பிரியுமிடத்திலோ ஊர் எல்லையிலோ பழைய கிணற்றடியிலோ, சில இடங்களில் ஒரு கல்லமைப்பைக் காணலாம். ஆள் தோளளவு உயரத்துக்கு இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் நீண்ட பலகைக்கல் ஒன்றைக் கிடத்தியிருப்பார்கள். கதவில்லாத வாசலைப் போல் அது நிற்கும். அதன் பெயர் சுமைதாங்கி.

தலைச்சுமையோடு நெடுந்தூரம் நடப்பவருக்கு வழியில் இளைப்பாறுவது எளிய காரியம் அன்று. சுமையை இறக்க ஒருவர் வேண்டும். மறுபடியும் தூக்கித் தலையில் வைக்க ஒருவர் வேண்டும். ஆளில்லாத பொட்டல் வழியில் யாரைக் கூப்பிடுவது? சுமைதாங்கி இருந்தால் யார் உதவியும் தேவையில்லை. கல்லை ஒட்டி வந்து நின்று தலையைச் சற்றே சாய்த்தால் மூட்டை கல்லின்மேல் இறங்கிக்கொள்ளும். புறப்படும்போது குனிந்து தலையைக் கொடுத்தால் ஏறிக்கொள்ளும். சந்தைக்குத் தானியம் கொண்டு சென்றவர்கள், நெய்த துணியைக் கட்டிச் சுமந்த நெசவாளர்கள், விறகும் புல்லும் சுமந்த பெண்கள் என்று எத்தனை தலைகளின் பாரத்தை அவை வாங்கியிருக்கும்! பலகைக்கல்லின் நடுப்பகுதி தேய்ந்து வழுவழுப்பாக இருப்பதைக் கையால் தடவிப் பார்த்தால் நீங்களே உணரலாம்.

இதை யார் வைத்தார்கள்? ஏன் வைத்தார்கள்? இராசிபுரத்துக்கும் வெண்ணந்தூருக்கும் இடையில் ஒரு கல்லருகே நான் நின்றுகொண்டிருந்தபோது, ஆடு ஓட்டி வந்த முதியவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன்.

“என்னுங்க பாய், படிச்சவங்க நீங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா? பிள்ளைத்தாய்ச்சியாவே போய்ச் சேர்ந்த பொண்ணுக்கு வெக்கிறதுங்க. வயித்துச் சுமைய எறக்காமயே போயிட்டா பாருங்க. அவளுக்காக ஊரார் சுமைய எறக்கி வெக்கட்டும்னு அவ ஊட்டுக்காரங்க வெச்சதுங்க.”

சொல்லிவிட்டு அவர் ஆடுகளின் பின்னே போய்விட்டார். நான் அந்தக் கல்லின் அருகிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடும் வழக்கம் சேலத்துக்கு மட்டும் உரியதன்று. தமிழகமெங்கும் இருந்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் வீதியோரங்களில் சுமைதாங்கியும், கால்நடைகள் தினவு தீர உரசிக்கொள்ளும் ஆவுரோஞ்சிக் கல்லும், அவை நீர் அருந்தத் தொட்டியும் அமைத்திருந்தார்கள். சில கற்களில் இறந்தவரின் பெயரையும் வைத்தவரின் பெயரையும் வெட்டியிருப்பார்கள். பல கற்களில் ஓர் எழுத்தும் இராது. நான் கண்ட கல்லில் ‘உபயம்’ என்ற சொல்லை மட்டும் படிக்க முடிந்தது. யார் உபயம், யாருக்காக என்பதை மழையும் வெயிலும் அழித்துவிட்டன.

இது மாற்றுச் சமயச் சகோதரர்களின் வழக்கம். வயிற்றுச் சுமையைப் பற்றிய நம்பிக்கை அவர்களுடையது. நம்முடைய நம்பிக்கை வேறு. கருவுற்ற நிலையிலேயே உயிர் நீத்த பெண்ணை ஷஹீதுகளின் வரிசையில் வைத்து அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்திருக்கிறார்கள். அவளுக்காக நாம் கல் நட வேண்டிய தேவை இல்லை. ஆயினும், துக்கத்தில் ஆழ்ந்த ஒரு குடும்பம் தன் துக்கத்துக்கு என்ன உருவம் கொடுத்தது என்பதைக் கவனியுங்கள். பார்த்து வியக்க ஒரு சிலையை அது வைக்கவில்லை. முன்பின் அறியாத ஒருவர், இறந்தவள் யாரென்றே தெரியாமல், தம் கழுத்து வலியை ஐந்து நிமிடம் மறந்துவிட்டுப் போவதற்கு ஓர் இடத்தை வைத்தது. முகமும் காணாத ஒரு சிசுவின் நினைவு அந்த ஐந்து நிமிடத்தில் இருக்கிறது.

இவ்வளவு விரிவாக நான் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் மகன் 2014ஆம் ஆண்டு டிசம்பரில், தன் எட்டாவது வயதில், மூளைக்காய்ச்சலில் இறந்தான். நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் மையவாடி. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அதற்கு மேல் அந்த நாட்களைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வாசகர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விவரித்தாலும் விளங்காது. விளங்காமலே இருக்க இறைவன் அருள்வானாக.

மதரஸாவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அவன் இருந்தபோது, சுபுஹுத் தொழுகைக்குப் பின் அவனை அழைத்துக்கொண்டு ஏரிக்கரை வழியாகவும் காட்டு வழியாகவும் நடப்பேன். ஜும்ஆவுக்குள் வீடு திரும்பிவிடுவோம். கரிச்சான் குருவி ஆட்டின் முதுகில் உட்கார்ந்து சவாரி போவதைப் பார்த்தால் அவனுக்குச் சிரிப்புத் தாங்காது. ஆள்காட்டிக் குருவி வெட்டவெளிக் கட்டாந்தரையில் சரளைக் கற்களுக்கு நடுவே முட்டையிட்டிருந்ததை ஒருநாள் கண்டோம். முட்டையும் கல்லும் ஒரே நிறம். மிதித்துவிடுவோமோ என்று அஞ்சி ஒற்றைக் காலில் நின்றான். “அத்தா, இதுக்கு வீடே இல்லையா?” என்று கேட்டான். தரையே அதன் வீடு என்றேன். வெகுநேரம் அந்தப் பதில் அவனுக்குத் திருப்தியளிக்கவில்லை.

அவனை அடக்கம் செய்த பிறகும் என்னால் வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் இருக்க முடியவில்லை. தனியாக நடந்தேன். மகனை இழந்தவர் வயல்வெளியில் சுற்றித் திரிகிறாரே, ‘ஸப்ர்’ இல்லையோ என்று ஜமாஅத்தில் சிலர் பேசிக்கொண்டதாகவும் கேள்வி. அவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. என் மாணவர்களுக்குப் பாடமாகச் சொன்னேன். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம் அவர்கள், மதீனாவின் மேட்டுப்பகுதியில் ஒரு கொல்லரின் இல்லத்தில் செவிலித்தாயிடம் வளர்ந்தார்கள். உலைப்புகை மண்டிய அந்த வீட்டுக்குப் பெருமானார் தோழர்களோடு சென்று, குழந்தையை வாங்கி முத்தமிட்டுத் திரும்புவார்கள். இரண்டு வயது நிறையுமுன், ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் அக்குழந்தை மறைந்தபோது பெருமானாரின் கண்கள் நீர் சொரிந்தன. தாங்களுமா அழுகிறீர்கள் என்று வியந்து கேட்ட தோழரிடம், இது இரக்கம் என்றே அவர்கள் விளக்கினார்கள்.

அன்றே சூரிய கிரகணமும் நிகழ்ந்தது. கிரகணக் கணக்கு வல்லுநர்கள் அதை கி.பி. 632 ஜனவரி 27 என்று கணித்திருக்கிறார்கள். நபியின் மகனுக்காகச் சூரியனே இருண்டுவிட்டது என்று மக்கள் பேசத் தொடங்கினார்கள். துக்கத்தில் இருக்கும் எந்தத் தகப்பனுக்கும் அந்தப் பேச்சு ஆறுதலாகவே இருந்திருக்கும். பெருமானாரோ அதை மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை இருள்வதில்லை என்று அறிவித்துத் தொழுகைக்கு நின்றார்கள். கல்லூரியில் இலக்கியம் பயின்றவன் நான். தலைவி வாடினால் மலரும் வாடும் என்று எழுதும் கவிகளைப் படித்து மகிழ்ந்தவன். மகன் இறந்த பிறகு காட்டுக்குள் நடந்தபோது எனக்கு உதவியவை அந்தக் கவிதைகள் அல்ல. இந்தக் கிரகணச் செய்தியே. ஆவாரை அந்தத் தை மாதத்திலும் பூத்தது. கரிச்சான் அந்த வாரமும் ஆட்டின் முதுகில் ஏறிப் போயிற்று. என் வீட்டுத் துயரத்தை அவை பொருட்படுத்தவில்லை. ஏனோ, அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

என் துணைவியார் முதல் ஓராண்டு வெளியே வரவில்லை. அடுத்த ஆண்டு வரத் தொடங்கினார்; சேலத்தில் உறவினர் வீட்டுக்குச் சென்றபோது கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில்தான் முதன்முதலாக என்னுடன் நடந்தார். சேர்வராயன் அடிவாரத்தில் உள்ள அந்த ஏரியைச் சேலம் மக்கள் குழுவினர் 2010ஆம் ஆண்டில் சீரமைத்தார்கள். தூர்வாரிய மண்ணை வெளியே கொண்டு கொட்டாமல், ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து, அவற்றில் மரக்கன்றுகளை நட்டார்கள். திட்டுகள் இன்று பசுந்தீவுகளாக நிற்கின்றன. நீர்க்காகமும் கொக்கும் அவற்றில் அடைகின்றன. “வேண்டாத மண்ணைத் தூக்கி எறியாம அதுலயே மரம் வெச்சிருக்காங்களே” என்று அவர் சொன்னார். ஓராண்டுக்குப் பின் அவர் தாமாகப் பேசிய நீண்ட வாக்கியம் அதுதான்.

அவனுடைய நினைவாக என்ன செய்வது என்ற பேச்சு அப்போதுதான் வீட்டில் எழுந்தது. உறவினர்கள் பல யோசனைகள் கூறினார்கள். மையவாடிக்கு நுழைவாயில் வளைவு கட்டலாம் என்றார் ஒருவர். பளிங்குப் பலகையில் பெயர் பொறித்து எங்கேனும் பதிக்கலாம் என்றார் மற்றொருவர். பெயர்ப்பலகையில் எனக்கு விருப்பமில்லை. மின்விசிறியின் இறக்கைகள் மூன்றிலும் நன்கொடையாளர் பெயரை எழுதி வைக்கும் வழக்கம் நம் பள்ளிவாசல்களில் உண்டு. விசிறியை நிறுத்தினால்தான் அந்தப் பெயரைப் படிக்க முடியும்!

தாய்க்காக எந்தத் தர்மம் சிறந்தது என்று கேட்ட ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்களுக்குப் பெருமானார் காட்டிய வழி தண்ணீர். அவர் கிணறு தோண்டினார். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அதுவும் அவருக்குத் தர்மமாகும் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த ஹதீஸ். ஆகவே நான் மரம் என்றேன். என் துணைவியார் மரத்தை மறுக்கவில்லை. ஆனால் வேறொன்றையும் கேட்டார்.

எங்கள் ஊர்த் திருப்பத்தில் பள்ளிப் பேருந்துக்காகப் பிள்ளைகள் காத்து நிற்பார்கள். நிழற்குடை கிடையாது. மழை பெய்திருந்தால் தரை சேறு. புத்தகப்பையைக் கீழே வைக்க முடியாது. எங்கள் மகன் அங்கிருந்த மைல்கல்லின்மேல் தன் பையைச் சாய்த்துக்கொண்டு நிற்பான். “அவன் பை அவனைவிடக் கனம்” என்றார் அவர். “அந்தப் பெரிய சுமைதாங்கி பெரியவங்க உசரத்துக்கு இருக்கு. பிள்ளைங்க உசரத்துக்கு ஒண்ணு வெக்கலாமே.”

ஊராட்சித் தலைவர் இசைவு தந்தார். பேருந்து திரும்புவதற்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்பது மட்டுமே அவருடைய நிபந்தனை. கல்லுக்கு இப்பகுதியில் பஞ்சமில்லை. கல்தச்சர் இரண்டு கால்களையும் ஒரு பலகையையும் கொண்டுவந்து போட்டு, “பேரு என்ன வெட்டணுங்க பாய்?” என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் என் துணைவியார், “பேரெல்லாம் வேண்டாங்க. ஓரத்தை நல்லா இழைச்சுக் குடுங்க, பிள்ளைங்க கையக் கிழிச்சுடும்” என்றார். கல்தச்சர் அதற்கு அரைநாள் எடுத்துக்கொண்டார். அந்த அரைநாளுக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

உஸ்மான் பின் மழ்ஊன் (ரலி) அவர்களின் கப்ரின் தலைமாட்டில் பெருமானார் தம் கையாலேயே ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்கள், அடையாளம் தெரிவதற்காக. எழுத்தில்லாத வெறுங்கல் அது. அன்று மாலை மதரஸாவில் அந்த ஹதீஸை எடுத்து நடத்தினேன். மாணவர்களுக்குக் காரணம் தெரியாது.

கல்லுக்குப் பின்னால் ஐந்து கன்றுகள் நட்டோம். மூன்று புங்கன், இரண்டு வேம்பு. அவற்றுள் இரண்டை ஆடு தின்றுவிட்டது. நான் வருந்திக்கொண்டிருந்தபோது, “ஹஜ்ரத், ஆடு தின்னாலும் ஸதகாதானே, ஹதீஸில் வருதே” என்றான் ஒரு மாணவன். மறுக்க முடியவில்லை. சாக்கடைக் கால்வாய் வெட்டியபோது மூன்றாவது போயிற்று. மிஞ்சிய புங்கன் இரண்டும் இப்போது நிழல் தருகின்றன. கோடையில் ஒரு மண்பானையும், கீழே பறவைகளுக்கு ஒரு சட்டியும் வைக்கிறோம். ரமலானில் நோன்புக் கஞ்சியின் ஒரு பகுதி, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறது. குழந்தைகளோடு வந்து வராந்தாவில் காத்திருக்கும் தாய்மார்களுக்கு. எந்த மதத்தவர் என்று யாரும் கேட்பதில்லை. கஞ்சியில் இஞ்சி தூக்கலாக இருப்பதைப் பற்றித்தான் பேச்சு.

இந்த நிலத்தைப் பற்றி எழுதும்போது மற்றொன்றை மறைப்பது முறையாகாது. பிறவாத சிசுவுக்காகக் கல் நட்ட இதே சேலம் ஜில்லாவில்தான், பிறந்த பெண்சிசுவை எருக்கம்பால் கொடுத்துக் கொன்ற கொடுமையும் நடந்தது. அதைத் தடுக்கத் தமிழக அரசு 1992ஆம் ஆண்டில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியபோது முதல் தொட்டிலைச் சேலத்தில்தான் கட்டவேண்டியிருந்தது. வேண்டாமென்று நினைக்கும் பெற்றோர் கொல்ல வேண்டாம், தொட்டிலில் விட்டுச் செல்லட்டும் என்பது ஏற்பாடு. பின்னர் தருமபுரி, மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. தாய்மாரின் பொறுப்பை அத்திட்டம் தட்டிக் கழிக்கச் செய்கிறது என்று குறை கூறியவர்களும் உண்டு. இருக்கலாம். ஆனால் உயிருடன் புதைக்கப்பட்ட பெண்குழந்தை மறுமையில் விசாரிக்கப்படும் காட்சியைத் ‘தக்வீர்’ அத்தியாயத்தில் ஓதுகிறவன், ஒரு குழந்தையாவது அந்தத் தொட்டிலால் பிழைத்தது என்றால் குறை கூறத் துணியமாட்டான். ஒரு பிள்ளைக்காக ஏங்கித் தவிக்கும் வீட்டிலிருந்து பார்த்தால், அந்தத் தொட்டிலில் கிடந்த குழந்தைகள் எத்தனை வீடுகளின் விளக்கு!

இழந்த பிள்ளைகளின் இடத்தைப் பிறர் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்ட ஒரு குடும்பத்தை நம் தமிழகமே அறியும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் நாகப்பட்டினத்துப் பரமேஸ்வரன், சூடாமணி தம்பதியர் தம் மூன்று குழந்தைகளையும் ஒரே காலையில் இழந்தார்கள். வாழ்வதா என்று தடுமாறிய அவர்கள், அதே அலையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தம் வீட்டுக்கே அழைத்து வந்து வளர்க்கத் தொடங்கினார்கள். ‘நம்பிக்கை’ என்பது அந்த இல்லத்தின் பெயர். நாங்கள் செய்தது அதன் முன்னே ஒரு கல், அவ்வளவே. எங்கள் ஊர்க் குழந்தைகள் பையை இறக்கி வைக்கும்போது என் மகன் திரும்பி வந்துவிடுவதில்லை. என் துணைவியார் பள்ளி நேரத்தில் அந்தப் பக்கம் போகமாட்டார். அஸருக்குப் பிறகு, பிள்ளைகள் இல்லாத வேளையில் சென்று, கல்லின்மேல் கிடக்கும் சருகைத் துடைத்துவிட்டு வருவார். சில நாட்களில் அதன்மேல் ஆட்டுக்குட்டி படுத்திருக்கும். ஒருநாள் யாரோ குச்சிக்கிழங்குக் கட்டையே இறக்கி வைத்திருந்தார்கள்.

தலைச்சுமைக் காலம் முடிந்துவிட்டதே, இன்று சுமைதாங்கி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அப்படிக் கேட்பவர்கள் போதமலைக்குப் போய்வர வேண்டும். இராசிபுரத்துக்கு வடக்கே கண்ணுக்கெட்டும் தூரத்தில் நிற்கும் மலை அது. (எழுத்தாளர் ஆர்.கே. நாராயணின் பெயரில் உள்ள ‘ஆர்’ இந்த இராசிபுரந்தான்.) மலைமேல் கீழூர், மேலூர், கெடமலை என்று மூன்று சிற்றூர்கள். நாடு விடுதலை பெற்று எழுபது ஆண்டுகள் கடந்தும் அவற்றுக்கு வாகனச் சாலை இருந்ததில்லை. அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் தலையிலும் தோளிலும் ஏறின. விளைந்த தானியம் அவ்வாறே இறங்கியது. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு எந்திரங்களும் அப்படித்தான் மலையேறின. நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் தூளி கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வழியில் என்னவெல்லாம் நேர்ந்திருக்கும் என்பதை, சுமைதாங்கியின் கதை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அண்மை ஆண்டுகளில்தான் அரசு நிதி ஒதுக்கிச் சாலைப் பணியைத் தொடங்கியிருக்கிறது. அந்தப் பணியைப் பார்த்தபோது, வெட்டப்பட்ட நெடுஞ்சாலைப் புளியமரங்களுக்காக வருந்தும் எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது.

சென்ற முறை அடிவாரத்துப் பாதையில் நாங்கள் நின்றபோது, நடுவயதுப் பெண்மணி ஒருவர் தலையில் மூட்டையோடு இறங்கி வந்தார். எங்களைக் கண்டதும் நின்று, “கொஞ்சம் ஒரு கை புடிங்க அக்கா” என்றார். என் துணைவியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மூட்டையை வாங்கிப் பாறைமேல் இறக்கினார். இருவரும் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்து, எத்தனை பிள்ளைகள், எங்கே படிக்கிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சற்றுத் தள்ளி நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வழிகளில் நடக்க விரும்பும் வாசகர்கள் கார்த்திகையிலிருந்து மாசிக்குள் வருவது நல்லது. பங்குனிக்குப் பின் வெயில் தாங்காது. சுபுஹுத் தொழுதுவிட்டு இராசிபுரத்திலிருந்து புறப்பட்டால், போதமலை அடிவாரத்திலுள்ள வடுகம் வரை சென்று, பாதையில் சிறிது தூரம் ஏறிப் பார்த்துவிட்டு ஜும்ஆவுக்குள் திரும்பிவிடலாம். தண்ணீரை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். குழந்தைகளை அழைத்து வந்தால், வெட்டவெளியில் சரளைக் கற்கள் கிடக்கும் இடத்தில் பார்த்துக் கால் வைக்கச் சொல்லுங்கள். மாசி பிறந்துவிட்டால் ஆள்காட்டி முட்டையிடத் தொடங்கியிருக்கும்.